எஸ்டர்டே, சின்ஸ், ஸ்டில், பை: ஆங்கில மெயிலில் நேரச் சொற்களை எங்கே, எப்படி வைப்பது?

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “பி.காம். முடிச்சுட்டு தம்பு செட்டித் தெருவுல, கப்பல்ல வர்ற சரக்கைச் சுங்கத்துல விடுவிச்சுத் தர்ற ஒரு கிளியரிங் ஆபீஸ்ல சேர்ந்திருக்கேன். நேத்து, இன்னும், ஏற்கெனவேன்னு நேரத்தைச் சொல்ற வார்த்தை வர்ற இடத்துல எல்லாம் மேனேஜர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புறாரு. ஸ்கூல்ல ‘அட்வர்ப் ஆஃப் டைம்’ படிச்சேன், பட்டியல் மனப்பாடம். ஆனா எங்க போடறது, எந்த வெர்போட சேர்க்கறதுன்னு மட்டும் பிடிபட மாட்டேங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?”

பட்டியலை அப்படியே ஓரமாக வையுங்கள், தங்கச்சி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சாயங்கால வகுப்பில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பட்டியல் தெரியாமல் தவறு செய்தவர்கள் மிகக் குறைவு. நௌ, தென், டுடே, டுமாரோ எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஆங்கிலத்தில் நேரத்தைச் சொல்லும் சொல் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதில்லை. கூட வரும் வினைச்சொல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதனால் ஒரு வாக்கியம் எழுதும் முன் வினையை யோசிக்காதீர்கள். முதலில் நேரச் சொல்லைப் பாருங்கள். அது சொல்லும் காலம் முடிந்துபோனதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மெயிலில் விழுகிற சிவப்புக் கோடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலேயே போய்விடும்.

தமிழில் மேனேஜரிடம் எப்படிச் சொல்வோம்? “நேத்தே டாக்குமென்ட் குடுத்திருக்கேன் சார்.” இதில் ஒரு குறையும் இல்லை, நல்ல தமிழ். ‘நேத்து’ம் ‘குடுத்திருக்கேன்’னும் நம் பேச்சில் சண்டை போடாமல் சேர்ந்து வரும். அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கும்போதுதான் “ஐ ஹேவ் சப்மிட்டட் த டாக்குமென்ட்ஸ் எஸ்டர்டே” என்று வருகிறது. ஆங்கிலம் இதை ஏற்காது. ஹேவ், ஹேஸ் சேர்ந்து வரும் பிரசென்ட் பெர்ஃபெக்ட், இன்றோடு தொடர்பு அறுபடாத காலத்துக்கு உரியது. எஸ்டர்டே முடிந்துபோன நாள். எனவே “ஐ சப்மிட்டட் த டாக்குமென்ட்ஸ் எஸ்டர்டே.” இந்த வடிவம்தான் சிம்பிள் பாஸ்ட். லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2021, அட் ஃபோர் ஓ க்ளாக் எல்லாமே முடிந்த காலம்தான். இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் ஹேவ், ஹேஸை எடுத்துவிடுங்கள். ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் இவற்றோடு அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்ட் எழுதுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் பெர்ஃபெக்ட் எழுதுவார்கள். அந்த வித்தியாசத்தை நீங்கள் கண்டிருக்கலாம். ஆனால் எஸ்டர்டேயோடு ஹேவ் சேர்ப்பதை இரண்டு பக்கமும் சரியென்று சொல்லாது.

‘டுடே’, ‘திஸ் மார்னிங்’, ‘திஸ் வீக்’ மூன்றும் கொஞ்சம் கவனம் கேட்பவை. காலை பதினொரு மணிக்கு மெயில் அடிக்கிறீர்கள் என்றால் காலை இன்னும் முடியவில்லை: “ஐ ஹேவ் கால்டு த ஷிப்பிங் லைன் ட்வைஸ் திஸ் மார்னிங்.” அதையே மாலை நாலு மணிக்கு எழுதினால் காலை போய்விட்டது: “ஐ கால்டு த ஷிப்பிங் லைன் ட்வைஸ் திஸ் மார்னிங்.” சொல் ஒன்றேதான், கடிகாரம் மாறினால் வினை மாறுகிறது. இதில் ‘டுடே மார்னிங்’, ‘எஸ்டர்டே நைட்’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். திஸ் மார்னிங், லாஸ்ட் நைட் என்பதுதான் வழக்கு. எஸ்டர்டே மார்னிங், எஸ்டர்டே ஈவினிங் இரண்டும் சரி. ராத்திரிக்கு மட்டும் லாஸ்ட் நைட்.

ஆபீஸ் மெயிலுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்குத் தெரிந்து இதைவிடப் பயன்படுவது இல்லை. எதிரில் இருப்பவர் கேட்பது ‘ஆச்சா, இல்லையா?’ என்றால் பெர்ஃபெக்ட்: “ஐ ஹேவ் ஃபைல்டு த பில் ஆஃப் என்ட்ரி” (இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்). ‘எப்போ?’ என்றால் சிம்பிள் பாஸ்ட்: “ஐ ஃபைல்டு இட் எஸ்டர்டே ஈவினிங்.” இரண்டையும் சொல்ல வேண்டுமானால் இரண்டு வாக்கியமாக எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அடைக்கப் பார்ப்பதால்தான் தப்பு வருகிறது.

அடுத்தது சின்ஸ், ஃபார். “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்” என்பது இன்டர்வியூவில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம். வியாசர்பாடியில் இருந்து வந்தாலும் சரி, அடையாறில் இருந்து வந்தாலும் சரி, தமிழ் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் இதே இடத்தில்தான் நாக்கு இடறுகிறது. ‘ரெண்டு வருஷமா வேலை செய்யறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். இதை வைத்து ‘நார்த் மெட்ராஸ் இங்கிலீஷ்’ என்று யாராவது உங்களை மட்டம்தட்டினால் தலைகுனிய வேண்டாம். தமிழ் நன்றாகத் தெரிந்ததால் வரும் தப்பு இது, பேட்டையால் வருவதல்ல.

மேலே சொன்ன வாக்கியத்தில் இரண்டு இடம் திருத்த வேண்டும். சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய புள்ளி வர வேண்டும், ஃபாருக்குப் பின்னால் கால அளவு வர வேண்டும். அன்று தொடங்கியது இன்றும் நடந்துகொண்டிருந்தால் வினை பெர்ஃபெக்ட்டில் வர வேண்டும். ஆக, “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்.”

நம் ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது, கட்டடம் இன்றும் நிற்கிறது. “த ஸ்டேஷன் ஓபன்டு இன் 1856.” திறந்தது அன்றோடு முடிந்த செயல், அதனால் சிம்பிள் பாஸ்ட். “இட் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1856.” நிற்பது இன்னும் முடியவில்லை, அதனால் ஹேஸ். “இட் ஹேஸ் ஸ்டுட் ஹியர் ஃபார் மோர் தேன் 160 இயர்ஸ்.” புள்ளிக்குப் பதில் அளவு, அதனால் ஃபார். ஆண்டு ஒன்றுதான், மூன்று விதமாக வருகிறது. இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். “த மெட்ரோ கேம் டு தண்டையார்பேட்டை இன் 2021.” அன்று முதல் நீங்கள் அதில்தான் போய் வருகிறீர்கள் என்றால், “ஐ ஹேவ் டேக்கன் த மெட்ரோ சின்ஸ் 2021.” இதே மாதிரி உங்கள் வீடு, பள்ளி, வேலை மூன்றுக்கும் மூன்று மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

ஃபார் என்பதற்குப் பெர்ஃபெக்ட்தான் வர வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. முடிந்த காலத்துக்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்த 61 நாளும் படகுகள் கரையில்தான். “த போட்ஸ் ஸ்டே இன் த ஹார்பர் ஃபார் 61 டேஸ் எவ்ரி இயர்.” வருஷா வருஷம் நடப்பதால் சிம்பிள் பிரசென்ட். “ஹி வொர்க்டு ஃபார் பின்னி மில் ஃபார் ட்வென்டி இயர்ஸ்” என்றால், வேலை செய்தார், இப்போது செய்யவில்லை. அந்தத் துணி மில் 1996ல் மூடப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு ‘ஹேஸ் வொர்க்டு’ என்பது ஏன் பொருந்தாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதுகிறீர்களா? ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்பதன் நேர் நகல் அது. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’. அகோ எப்போதும் எண்ணுக்குப் பின்னால்தான் வரும். வேறொரு நாளில் இருந்து பின்னோக்கி எண்ணினால் மட்டும் பிஃபோர் அல்லது ஏர்லியர்: “த வெசல் அரைவ்டு ஆன் 10 ஜூன். த டாக்குமென்ட்ஸ் ஹேட் ரீச்டு அஸ் டூ டேஸ் ஏர்லியர்.” கப்பல் வந்த நாளுக்கு இரண்டு நாள் முன், அதாவது 8ஆம் தேதி. இந்த இடத்தில் அகோ என்று எழுதிவிட்டால் மெயில் அடிக்கும் நாளில் இருந்து இரண்டு நாள் என்று அர்த்தமாகும், தேதியே மாறிப்போகும். அதேபோல ‘ரெண்டு நாள் கழிச்சு வரேன்’ என்பதற்கு ‘ஆஃப்டர் டூ டேஸ்’ வேண்டாம், ‘இன் டூ டேஸ்’ போதும்.

இனி வருவது உங்கள் தொழிலில் பணமே போகக்கூடிய இடம்: பை, அன்டில். கன்டெய்னருக்கு ஷிப்பிங் லைன் கொடுக்கும் ஃப்ரீ டேஸ், அதாவது கட்டணமில்லா நாட்கள், தாண்டினால் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும் என்று உங்களுக்கே தெரியும். “வீ வில் ரிட்டர்ன் த எம்டி கன்டெய்னர் அன்டில் ஃப்ரைடே” என்று ஒரு மெயில் போகிறது. எழுதியவர் நினைத்தது வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று. படிப்பவருக்கோ, வெள்ளிக்கிழமை வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்போம் என்பது போலப் பொருளில்லாமல் நிற்கிறது. அவர் அதைத் தானாகவே திருத்தி, ‘வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் போல’ என்று புரிந்துகொண்டாலும் கேட்பதற்கில்லை. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. மனதுக்குள் ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ என்று வந்தால் பை. ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’ என்று வந்தால் அன்டில், அல்லது டில். “வீ வில் ரிட்டர்ன் த எம்டி கன்டெய்னர் பை ஃப்ரைடே.” “த ஃப்ரீ டேஸ் ஆர் வேலிட் அன்டில் ஃப்ரைடே.” ஒரு முறை நடந்து முடியும் வேலைக்குப் பை. அதுவரை நீடிக்கும் நிலைக்கு அன்டில்.

‘க்குள்ள’ என்றதும் சிலர் ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுவார்கள். வித்தினுக்குப் பின்னால் அளவுதான் வரும்: வித்தின் டூ டேஸ், வித்தின் அன் அவர். கிழமைக்கும் தேதிக்கும் பை. பை ஃப்ரைடே என்றால் வெள்ளியும் சேர்த்தி, பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு முடிந்தது. அன்டிலுக்கு முன்னால் நாட் வந்தால் இன்னொரு பயன் உண்டு. ‘வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும்’ என்பதை ‘ஃப்ரைடே ஒன்லி வில் கெட்’ என்று இழுக்காமல், “த டெலிவரி ஆர்டர் வில் நாட் பி ரெடி அன்டில் ஃப்ரைடே” என்று எழுதலாம் (டெலிவரி ஆர்டர் என்பது சரக்கை எடுக்க ஷிப்பிங் லைன் தரும் அனுமதி). நம் ‘தான்’ வரும் இடத்தில் எல்லாம் ஒன்லியைச் செருகும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று. ‘இப்பத்தான் வந்தேன்’ என்பதும் அப்படியே. ‘நௌ ஒன்லி ஐ கேம்’ அல்ல, “ஐ ஹேவ் ஜஸ்ட் அரைவ்டு.”

ஸ்டில், யெட், ஆல்ரெடி மூன்றையும் இடத்தோடு சேர்த்துக் கற்க வேண்டும். “ஸ்டில் வீ ஹேவ் நாட் ரிசீவ்டு த டெலிவரி ஆர்டர்” என்று வாக்கியத்தின் தலையில் ஸ்டிலை வைத்தால் அது ‘இன்னும்’ என்று பொருள் தராமல் ‘இருந்தாலும்’ என்ற பக்கம் சாய்ந்துவிடும். ‘இன்னும்’ வேண்டுமென்றால் ஸ்டில், ஹேவ் நாட்டுக்கு முன்னால் போக வேண்டும்: “வீ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்டு த டெலிவரி ஆர்டர்.” இதையே யெட் வைத்தும் சொல்லலாம், யெட் கடைசியில்: “வீ ஹேவ் நாட் ரிசீவ்டு த டெலிவரி ஆர்டர் யெட்.” இலக்கணம் இரண்டிலும் சரி, ஆனால் குரல் வேறு. யெட் தகவல் மட்டும் சொல்கிறது: இதுவரை வரவில்லை. ஸ்டிலில் ‘எத்தனை நாளா கேக்கறோம், இன்னுமா வரல’ என்ற சலிப்பு ஏறிவிடுகிறது. முதல் நினைவூட்டலில் யெட் எழுதுங்கள். மூன்றாவது நினைவூட்டலுக்கு ஸ்டில் பொருத்தமாக இருக்கும். வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் இந்த ஒரு சொல் உறவைக் காப்பாற்றும், கெடுக்கவும் செய்யும். ஆல்ரெடி பெரும்பாலும் நடுவில்: “வீ ஹேவ் ஆல்ரெடி பெய்டு த சார்ஜஸ்.”

இடம் என்று வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எப்போது என்று சொல்லும் எஸ்டர்டே, டுடே, நெக்ஸ்ட் வீக் போன்றவை கடைசியில் வரும். அழுத்தம் வேண்டுமானால் தொடக்கத்தில் வரும். வினைக்கும் அது எதைச் செய்கிறதோ அந்தப் பொருளுக்கும் நடுவில் மட்டும் நுழையாது: “ஐ சப்மிட்டட் எஸ்டர்டே த டாக்குமென்ட்ஸ்” கூடாது. எத்தனை முறை என்று சொல்லும் ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், ரேர்லி, நெவர் இவற்றின் இடம் நடுவில், முதன்மை வினைக்கு முன்னால்: “த ஃபிஷ் ஆக்ஷன் (மீன் ஏலம்) யூஷுவலி ஸ்டார்ட்ஸ் பிஃபோர் சன்ரைஸ்.” ஆம், இஸ், ஆர் இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: “காசிமேடு இஸ் ஆல்வேஸ் க்ரவுடட் ஆன் சண்டேஸ்.” துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: “ஐ ஹேவ் நெவர் மிஸ்டு எ டெட்லைன்.” எவ்ரி டே, ட்வைஸ் எ வீக், டெய்லி போன்றவை கடைசிக்குப் போகும். ‘டெய்லி ஐ ஆம் கோயிங் பை மெட்ரோ’ என்பதில் இடத்தைவிட வினைதான் பெரிய தப்பு. வழக்கத்துக்கு ஆம் கோயிங் வராது: “ஐ கோ பை மெட்ரோ எவ்ரி டே.” ஆல்வேஸோடு இங் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் குறைசொல்லும் தொனி வந்துவிடும். “ஹி இஸ் ஆல்வேஸ் காலிங் மி” என்றால் எப்போது பார்த்தாலும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளரைப் பற்றி எழுதும்போது ஜாக்கிரதை.

ஒரே வாக்கியத்தில் இடமும் நேரமும் வந்தால் பொதுவாக இடம் முதலில்: “ஐ வென்ட் டு மண்ணடி பை மெட்ரோ எஸ்டர்டே.” நேரமே இரண்டு மூன்று வந்தால் எவ்வளவு நேரம், எத்தனை முறை, எப்போது என்ற வரிசை காதுக்கு இயல்பாக இருக்கும்: “ஐ ஸ்டடிட் ஃபார் அன் அவர் எவ்ரி ஈவினிங் லாஸ்ட் இயர்.” டுமாரோ, நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி இவற்றுக்கு முன்னால் ஆன், இன், அட் எதுவும் வேண்டாம். ஆன் மண்டே சரி, ஆன் நெக்ஸ்ட் மண்டே வேண்டாம், நெக்ஸ்ட் மண்டே மட்டும்.

லேட், லேட்லி இரண்டும் ஒன்றல்ல. லேட் தாமதமாக, லேட்லி சமீபகாலமாக. “த ட்ரெய்லர் கேம் லேட்.” “ரேட்ஸ் ஹேவ் கான் அப் லேட்லி.” இதை எழுதும்போது மட்டும் ஒரு நொடி நின்றால் போதும்.

வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் இவற்றால் தொடங்கும் பகுதி நேரத்தைக் குறிக்கும்போது அதற்குள் வில் வராது. ‘ஆஸ் சூன் ஆஸ் த வெசல் வில் அரைவ், வீ வில் இன்ஃபார்ம் யூ’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். சரியானது: “வீ வில் இன்ஃபார்ம் யூ ஆஸ் சூன் ஆஸ் த வெசல் அரைவ்ஸ்.” எதிர்காலத்தைச் சொல்ல ஒரு வில் போதும், அது முதன்மை வாக்கியத்தில் இருக்கும்.

இத்தனையும் சேர்ந்து ஒரே மெயிலில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். வழக்கமாக வருவது இது: “ஐ ஹேவ் ஃபைல்டு த பில் ஆஃப் என்ட்ரி எஸ்டர்டே. பிஃபோர் டூ டேஸ் ஒன்லி வீ பெய்டு த சார்ஜஸ். ஸ்டில் டெலிவரி ஆர்டர் இஸ் நாட் ரிசீவ்டு. வீ வில் கிளியர் த கன்டெய்னர் அன்டில் ஃப்ரைடே.” திருத்தினால்: “ஐ ஃபைல்டு த பில் ஆஃப் என்ட்ரி எஸ்டர்டே. வீ பெய்டு த சார்ஜஸ் டூ டேஸ் அகோ, பட் வீ ஹேவ் நாட் ரிசீவ்டு த டெலிவரி ஆர்டர் யெட். இஃப் வீ ரிசீவ் இட் டுமாரோ, வீ வில் கிளியர் த கன்டெய்னர் பை ஃப்ரைடே.”

பயிற்சிக்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். உங்கள் சென்ட் ஃபோல்டரில் போன வாரத்து மெயில் ஒன்றை எடுங்கள். நேரச் சொற்களுக்கு மட்டும் பென்சிலில் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் முடிந்த காலமா, ஓடும் காலமா என்று ஓரத்தில் எழுதி, பிறகு வினையைப் பாருங்கள். முதல் வாரம் எஸ்டர்டே, அகோ, சின்ஸ், ஃபார் நான்கு மட்டும். அவை கைக்கு வந்தபின் பை, அன்டில். ஸ்டில், யெட் மூன்றாவது வாரம். ஃப்ரீக்வென்சி சொற்களின் இடம் கடைசி, அதில் பிசகினாலும் பொருள் கெடாது. மேனேஜர் கோடு போட்ட மெயில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தச் சொல்லின் கீழ் கோடு அதிகம் விழுகிறது என்று அவற்றில்தான் தெரியும், அந்தச் சொல்லை வரிசையில் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.